நாலாம் பாத்தி உப்பு

பாரிட் காரம்
14 செப்டம்பர் 2025

பிரவீனாவுக்கு,

அண்ணி எழுதுறேன். கவர்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போடாம இது வரைக்கும் வந்திருந்தா, மிச்சத்தையும் படிச்சிடு. நீ என் நம்பரை பிளாக் பண்ணி ஒன்றரை வருஷம் ஆகுது. ஆப்பீசுக்குக் கூப்பிட்டா "மிஸ் பிரவீனா மீட்டிங்ல இருக்காங்க"ன்னு ஒரு பொண்ணு மூணு தடவை சொன்னுச்சு. மூணு தடவையும் பின்னால உன் இருமல் கேட்டுச்சு. அதான் கடிதம். தபால்காரனை நீ பிளாக் பண்ண முடியாது பாரு.

சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். மே மாசம் சிங்கப்பூர் வேலையை விட்டுட்டேன். இப்ப பாரிட் காரத்துலதான் இருக்கேன், உன் அண்ணன் அடிச்ச பலகை வீட்டுல. ஜப்பான்காரன் வந்தப்ப வெள்ளைக்காரன் போட்டுட்டு ஓடின உப்பளம், எண்பது வருஷமா பாக்காவ் மரம், அந்தச் சதுப்பு மரம், முளைச்சுக் கிடக்கு, அந்தச் சதுப்புல போய்த் தலையைக் கொடுக்காதீங்கன்னு அவருகிட்ட மல்லுக்கு நின்னவ நான். நீ அவரு பக்கம் நின்னே. லைசென்சுக்கு மலாய்ல கடுதாசி எல்லாம் நீதான் எழுதிக் கொடுத்தே. இப்ப நானே அதே சேத்துல முழங்கால் வரைக்கும் நிக்கிறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ.

அவரு கட்டுன ஆறு பாத்தியில மூணு மறுபடி வேலை செய்யுது. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து ராஜம்மான்னு ஒருத்தவங்க கூட வந்து நிக்கிறாங்க. பௌர்ணமிக்கு ஏறுற தண்ணியை மதகு திறந்து குட்டையில நிறுத்தி, கலங்கல் அடங்குனதும் பாத்திக்கு விடுறோம். பாத்தித் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கணும். என் குதிகால் ரெண்டும் வெடிச்சு, செருப்புப் போட முடியல. வெயில் வந்தா பிளாஸ்டிக் கூரையைத் திறக்கணும், மழை வந்தா இழுத்து மூடணும். நம்ம ஊரு மழையை உனக்குச் சொல்லணுமா? காலையில காயும், மூணு மணிக்குக் கொட்டும். ஒரு தடவை அசந்தா பத்து நாள் உப்பு பத்து நிமிஷத்துல தண்ணியா ஓடிடும். ஜூலையில நாப்பது கிலோ வாருனோம். அவ்வளவுதான். ஆனா உப்பு.

லைசென்ஸ் இந்த வருஷத்தோட முடியுது. அது உன் பேர்லயும் உன் அண்ணன் பேர்லயும் எடுத்தது. அவரு பங்கு எனக்கு வந்துடும்னு நில ஆப்பீஸ்ல சொல்றாங்க. ஆனா உன் கையெழுத்து இல்லாம புதுப்பிக்க மாட்டாங்களாம். நவம்பர் 28, வெள்ளிக்கிழமை கடைசி நாள். விட்டுட்டா நிலம் இறால் குளம் வெட்டுறவங்களுக்குப் போயிடும். அவங்க ரெண்டு தடவை வந்து கயிறு பிடிச்சு அளந்துட்டுப் போயாச்சு.

ஃபாரம் உள்ளே இருக்கு. மஞ்சள் கோடு போட்ட இடத்துல கையெழுத்துப் போட்டா போதும். என்கிட்ட பேச வேண்டாம், பார்க்க வேண்டாம். தனிப் பொட்டலமா அரை கிலோ உப்பும் அனுப்பியிருக்கேன். மாமாவைக் கேட்டதா சொல்லு.

சாந்தினி


பெர்மாஸ் ஜெயா
27 செப்டம்பர் 2025

அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. தாங்கள் அனுப்பிய ஃபாரத்தைப் படித்துப் பார்த்தேன். நில அலுவலகம் கேட்பது உண்மை. என் சம்மதம் இல்லாமல் லைசென்சைப் புதுப்பிக்க முடியாது.

கையெழுத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பொட்டலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதன் மேல் 'சேகர் உப்பு' என்று அச்சடித்து, அண்ணன் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அது எந்தப் படம் என்று தங்களுக்கு நினைவிருக்கிறதா? கறுப்புச் சட்டை போட்டு எடுத்த படம். அதைத்தான் பெரிதாக்கி அவன் பெட்டியின் தலைமாட்டில் வைத்தோம். அதற்குத்தான் மாலை போட்டோம். அந்த முகத்தை எவனோ கடையில் அரை கிலோ, ஒரு கிலோ என்று கேட்டு வாங்கி, குழம்பில் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கைக் குப்பையில் எறிவான். இதைத் தாங்கள் யோசிக்கவே இல்லையா?

இவ்வளவு நேரம் ஆப்பீஸ் கடிதம் மாதிரி எழுதிட்டேன். இதுக்கு மேல முடியல அண்ணி.

அப்பாவுக்குக் கிட்னி எந்த நிலையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கேட்கல. டாக்டர் உப்பை அடியோட நிறுத்தச் சொல்லி ஏழு மாசம் ஆச்சு. நான் வேலை விட்டு வர்றதுக்குள்ள உங்க பொட்டலத்தைப் பிரிச்சிருக்காரு. மகன் முகத்தைப் பார்த்திருக்காரு. சோத்துல போட்டுக்கிட்டாராம், சும்மா நாக்குலயும் வெச்சுக்கிட்டாராம். மூணு நாள் எனக்குத் தெரியாம தின்னிருக்காரு. கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு வாங்கி, சுல்தானா ஆஸ்பத்திரியில நாலு நாள் படுத்திருந்தாரு. ஏன்ப்பா இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டா, "சேகரு அனுப்பினது, வேணாம்னு சொல்லச் சொல்றியா?"ங்கிறாரு.

முதல் வருஷத் திதிக்கு வழக்கப்படி உப்பில்லாமதான் படைச்சேன். உப்புக்காகவே செத்தவனுக்கு உப்பில்லாத சோறு. இலையைப் பார்க்கவே முடியல. அந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? சிங்கப்பூர்ல ஓ.டி. பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்.

உயிரோட இருந்தப்ப அவனை அந்தச் சேத்துல தனியா விட்டுட்டு, செத்ததுக்கப்புறம் போய் உட்கார்ந்திருக்கீங்க. ஏன்? எனக்கு அதுக்குப் பதில் வேணும். அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பார்க்கலாம்.

பிரவீனா


பாரிட் காரம்
5 அக்டோபர் 2025

பிரவீனா,

மாமா விஷயம் எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பேனா? நீ ஆள் விட்டாவது சொல்லியிருக்கலாம். ஏழு மாசமா உப்பில்லாமச் சாப்பிடுறவரு வீட்டுக்கு உப்பு அனுப்பிட்டு, ருசி பார்த்துட்டு எழுதுவேன்னு தபால்காரனை எதிர்பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவருகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இதை மட்டுமாவது சொல்லு.

படத்தை எடுத்துட்டேன். நீ சொன்னது சரி, அது மாலை போட்ட படம். நான் யோசிக்கல. உணவகம் வெச்சிருக்கிற அபூபக்கர் பாய் பத்து பொட்டலம் எடுத்துக்கிட்டாரு. மேல ஒரு முகம் இருந்தா ஜனங்க நம்பி வாங்குவாங்கன்னு அவருதான் சொன்னாரு. என் கையில இருந்த படம் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீ உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டே. கருமாதி அன்னைக்கு ஆல்பத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் காடியில ஏறி ஓட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? பேரை மட்டும் எடுக்க மாட்டேன். புருஷன் பேரை எங்க போடணும், எங்க போடக் கூடாதுன்னு நாத்தனார்கிட்ட அனுமதி வாங்க மாட்டேன்.

ஏன் வந்தேன்னு கேட்டே. அவரு மேல உள்ள பாசம்னு எழுதுனா நீ நம்ப மாட்டே, நானும் நம்ப மாட்டேன். போன தீபாவளிக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க ஒருத்தர், உன் அண்ணனோட பாசிர் கூடாங்ல ஒண்ணா ஷிப்ட் செஞ்சவரு, பீர் கிளாசைக் கையில வெச்சுக்கிட்டுக் கதை சொல்றாரு. "சேகர் பதினெட்டு வருஷ வேலையை விட்டுட்டு உப்பு காய்ச்சப் போனான். மழை கொட்டுற ஊர்ல உப்பு காய்ச்சுனா யாரு செத்துப் போவா, அவன்தான் செத்துப் போவான்." எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் அங்க உட்கார்ந்திருக்கேன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. அதே வார்த்தையைத்தானே நானும் அவரு உயிரோட இருந்தப்ப சொன்னேன்? அன்னைக்கு ஆரம்பிச்சது. இது பாசம் இல்ல, ஆத்திரம். இந்த ஊர்ல உப்பு விளையும்னு அந்த ஆள் மூஞ்சியில ஒரு மூட்டையைப் போடணும். போட்டுட்டா நான் தூங்குவேன்.

உனக்கு ஒண்ணு தெரியணும். இங்க வந்ததும் முதல் காரியமா, அவரு கூரை இழுத்த இரும்புக் குழாயெல்லாம் கழட்டி வித்துட்டேன். இப்ப நைலான் கயிறுதான். பழைய புகைபோக்கிச் செங்கல் தூண் நிக்குதே, அதுல இடிதாங்கி போட்டாச்சு. மின்னல் தெரிஞ்சா உப்பு போனா போகுதுன்னு பலகை வீட்டுக்குள்ள ஓடிடணும்னு ராஜம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். ஆகஸ்ட்ல ரெண்டு பாத்தி அப்படியே கரைஞ்சு போச்சு. நாங்க உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தோம்.

மழைக் காலம் வந்துடுச்சு. பிப்ரவரியில காயும். அதுக்குள்ள மிச்ச மூணு பாத்தியையும் மிதிச்சு முடிக்கணும். கையெழுத்து இல்லாட்டி யாருக்காக மிதிக்கிறேன்னு எனக்கே தெரியல. சீக்கிரம் எழுது.

சாந்தினி


பெர்மாஸ் ஜெயா
21 அக்டோபர் 2025

அண்ணி,

நேத்து தீபாவளி. அப்பாவுக்கு ரெண்டு இட்லி, உப்பில்லாத சட்னி. நான் எண்ணெய் வெச்சுக் குளிக்கல, புதுத்துணி எடுக்கல. பக்கத்து வீட்டுல வந்து முறுக்கு கொடுத்தாங்க. "இந்த வருஷமாவது நல்ல செய்தி உண்டாம்மா?"ன்னு கேட்டாங்க. நல்ல செய்தியாம். மதிவாணனுக்குப் போன மாசம் குளுவாங்ல கல்யாணம் முடிஞ்சிருக்கு. அது தெரிஞ்சேதான் கேக்குறாங்க. என் பேரும் அவரு பேரும் போட்டு அடிச்ச பத்திரிகை நானூறு இன்னும் என் கட்டிலுக்கு அடியில கிடக்கு. கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது சாவு விழுந்த வீட்டுல பொண்ணு எடுக்கிறது நல்லதில்லன்னு அவங்க அம்மா சொன்னாங்க. அவரு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எனக்கு வயசு முப்பத்தஞ்சு. அண்ணனும் போனான், அதுவும் போச்சு.

உங்க கடிதத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மன்னிப்பையும் சொன்னேன். "கையெழுத்துப் போட்டுக் கொடு பாப்பா"ன்னாரு. அவருக்கு எல்லாம் சுலபம்.

அந்த பீர் குடிச்ச ஆளை ஏசி எழுதியிருக்கீங்க. அவன் செத்தவனைக் கேலி பண்ணினான், தப்புதான். நீங்க உயிரோட இருந்தவனை என்ன பண்ணீங்க? அவன் சாகுறதுக்கு முந்தின பொங்கல். எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கோம். டிசம்பர் மழையில உப்பெல்லாம் கரைஞ்சு போன கதையை அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். நீங்க சாம்பார் ஊத்திக்கிட்டே என்ன சொன்னீங்க? "இன்னொரு தடவை உப்பு கரைஞ்சா வீட்டுக்கு வராதீங்க. அங்கேயே கரைஞ்சு போயிடுங்க." இருபது பேர் இலை முன்னாடி. அவன் சிரிச்சான். நான் பார்த்தேன் அண்ணி, அவன் சிரிப்பு கண்ணுக்கு வரல.

ரெண்டு மாசம் கழிச்சு மழை கறுத்துக்கிட்டு வந்தப்ப அவன் பலகை வீட்டுக்குள்ள ஏன் ஓடல? அந்த வார்த்தைதான் அவனை வெளிய நிக்க வெச்சது. இரும்புக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வெச்சது. குழாயை வித்துட்டேன், இடிதாங்கி போட்டுட்டேன்னு எழுதுறீங்க. கொன்னது குழாய் இல்ல, இடியும் இல்ல. உங்க நாக்கு.

பெட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாலயும் உங்களைப் பார்த்து "நீதான் கொன்னே"ன்னு கத்தினேன். நீ வா போன்னு பேசிட்டேன்னு அத்தைங்க என்னை ஏசினாங்க. நீங்க ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு ஒன்றரை வருஷமா யோசிக்கிறேன்.

இப்ப நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. 'நான் சொன்ன வார்த்தையாலதான் அவரு செத்தாரு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. உங்க கையெழுத்து வந்தா என் கையெழுத்து வரும். பேரை வெச்சுக்குங்க, உப்பளத்தை வெச்சுக்குங்க, எல்லாத்தையும் வெச்சுக்குங்க.

பிரவீனா


பாரிட் காரம்
2 நவம்பர் 2025

பிரவீனா,

நீ கேட்ட வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரிதானே, போட்டுக் கொடுத்துட்டு வேலையைப் பார்ப்போம்னுதான் நினைச்சேன். ரெண்டு தாள் வீணாப் போச்சு. 'நான் சொன்ன' வரைக்கும் வருது. அதுக்கு மேல பேனா ஓடல. பொய்யை எழுத வரல எனக்கு.

பொங்கலன்னைக்கு அப்படிச் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. அந்த வார்த்தைக்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை உன்கிட்ட அளந்து காட்ட மாட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரியே அவருகிட்ட ஏசினது தப்புன்னு சொல்லிட்டேன். அவரு, "நீ ஏசாம இருந்தாதான் எனக்கு பயம்"னாரு. மறுநாள் பசியாறிட்டு, என் கையாலேயே பொட்டலம் கட்டி வாங்கிக்கிட்டு உப்பளத்துக்குப் போனாரு.

மார்ச் 14, வியாழக்கிழமை. நான் சிங்கப்பூர்ல, உட்லண்ட்ஸ் ஷிப்ட்ல இருந்தேன். போன் லாக்கர்ல. ஏழு மணிக்கு எடுத்துப் பார்த்தா போலீஸ் கூப்பிட்டது பதினொரு தடவை. அதுக்கு முன்னாடி அவரு அனுப்பின குரல் மெசேஜ் ஒண்ணு. மூணு இருபதுக்கு. யாருக்கும் நான் போட்டுக் காட்டினதில்ல. இப்ப எழுதுறேன், ஒரு எழுத்து மாத்தாம.

"சாந்தி, நாளைக்குப் பாப்பாவுக்கு உப்பு வாங்குற நாளு, மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து காலையிலேயே வர்றாங்களாம். நாலாம் பாத்தியில இருக்கிறது நல்ல வெள்ளை. அதைக் கொடுத்தாதான் எனக்கு மரியாதை. வானம் கறுக்குது, கூரையை இழுத்துட்டுக் கூப்பிடுறேன்."

கூப்பிடவே இல்ல.

கல்யாணத்துக்கு முதல் சாமானா உப்பு வாங்கணும், அதுக்கப்புறம்தான் புடவை, அது உங்க வீட்டு வழக்கம். என் கல்யாணத்துக்கு உங்கம்மா கடையில ஒரு பாக்கெட் வாங்கி மஞ்சள் பூசி வெச்சாங்க, முடிஞ்சுது. உனக்கு மட்டும் அண்ணன் விளைவிச்ச உப்புதான் வேணும்னு நீ ஆசைப்பட்டே. போலீஸ் திருப்பிக் கொடுத்த அவரு போன் என்கிட்டத்தான் இருக்கு. மூணு பன்னெண்டுக்கு உன் நம்பர். நாலு நிமிஷம் பேசியிருக்கே. அவரு கடைசியா பேசினது உன்கிட்ட. மத்த அஞ்சு பாத்தியையும் அவரு தொடவே இல்ல பிரவீனா. மழைக்குத் திறந்தபடியே கிடந்துச்சு. நாலாம் பாத்தி கூரை மட்டும் பாதி மூடியிருந்துச்சு.

நீ என்னைப் பார்த்துக் கத்தினப்ப ஏன் தலையைக் குனிஞ்சேன்னு கேட்டியே. மதிவாணன் வீட்டு ஆளுங்க மொத்தப் பேரும் பந்தலுக்குள்ள நின்னாங்க. பொண்ணுக்கு உப்பு எடுக்கப் போய்த்தான் செத்தாருன்னு அவங்க காதுல விழுந்தா, அன்னைக்கே எழுந்து போயிருப்பாங்க. நம்ம பொண்ணு கல்யாணமாவது நிக்காம நடக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். நம்ம பொண்ணுன்னுதான் அப்ப நினைச்சேன். எப்படியும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன். ஒன்றரை வருஷம் கொலைகாரின்னு பேர் வாங்கிக்கிட்டு இருந்தேன். அத்தைங்க யாரும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடல. பொறுத்துக்கிட்டேன்.

இப்ப அதை எழுதிக் கையெழுத்தும் போடச் சொல்றே. இவ்வளவுதான் என் பொறுமை.

கையெழுத்துப் போடுறதும் போடாததும் உன் இஷ்டம்.

சாந்தினி


பெர்மாஸ் ஜெயா
14 நவம்பர் 2025

அண்ணி,

உங்க கடிதம் 6ஆம் தேதி வந்துச்சு. எட்டு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். இதையும் படிச்சுப் பார்க்காமப் போஸ்ட் பண்ணப் போறேன்.

நீங்க எனக்குப் புதுசா எதுவும் சொல்லல.

அந்த நாலு நிமிஷத்துல என்ன பேசினோம்னு உங்களுக்குத் தெரியாது. நான் சொல்றேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றாங்க, உப்பு ரெடியான்னு கேட்டேன். அவன் சொன்னான், "மழை வர்ற மாதிரி இருக்கு பாப்பா, மூடி வெச்சுட்டுக் கிளம்புறேன், உப்பு ஈரமாத்தான் இருக்கு. இந்தத் தடவை கடையிலேயே ஒரு பாக்கெட் வாங்கிடலாமா?" நான் சொன்னேன், "கடை உப்பு வாங்கவா எனக்கு ஒரு அண்ணன்?"

செல்லமாத்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவனும் சிரிச்சான். "சரி சரி, கொண்டாறேன்"னு வெச்சுட்டான்.

அஞ்சு மணிக்குச் செய்தி வந்துச்சு. அந்த நிமிஷத்துலேர்ந்து எனக்குத் தெரியும். உங்க பொங்கல் வார்த்தையை நான் ஏன் அப்படிப் பிடிச்சுக்கிட்டேன்னு இப்பப் புரியுதா? அது இல்லாட்டி என் வார்த்தைதான் மிச்சம். உங்களைத் திட்டுனா ராத்திரி ரெண்டு மணி நேரம் தூக்கம் வரும். நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தா ஆயுசுக்கும் தூங்கியிருப்பேன்னு நினைச்சேன். கேவலம்தான். எனக்கே தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். உங்க வரிக்காக நான் காத்திருக்கல. 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அப்பாவை டயாலிசிஸ் பத்திக் கேக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். வரிசையில உட்கார்ந்திருக்கும்போது, "சேகரு பேர்ல ஒண்ணாவது நிக்கட்டும்"னாரு. கைப்பையில ஃபாரம் இருந்துச்சு. அங்கேயே அவரு முழங்கால்ல வெச்சுக் கையெழுத்துப் போட்டேன். மஞ்சள் கோடு போட்ட இடத்துல. வியாழக்கிழமை லஞ்ச் நேரத்துல போஸ்ட் பண்ணலாம்னு ஸ்டாம்பும் ஒட்டி வெச்சிருந்தேன். வியாழக்கிழமை காலையில உங்க கடிதம் வந்துச்சு.

இப்ப அந்தக் கவரைப் போட முடியல.

கோவம் இல்ல அண்ணி. கோவமா இருந்தா கிழிச்சிருப்பேன். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. நான் பந்தல்ல கத்தும்போது தெரியும். கருமாதியில ஆல்பத்தைப் பிடுங்கும்போது தெரியும். நான் நாக்குன்னும் கொலைன்னும் எழுதும்போது நீங்க அங்க உட்கார்ந்து, பாவம், இவதான் கொன்னான்னு இவளுக்கே தெரியலன்னு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கீங்க. திருப்பி அடிச்சிருந்தா தாங்கியிருப்பேன். இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியல. இதுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, காலம் பூரா நீங்க நல்லவ, நான் உங்க நல்லதுல பிழைச்சவ. அந்த உப்பு ஒவ்வொரு வருஷமும் விளையும். ஒவ்வொரு பொட்டலமும் எனக்கு அதைச் சொல்லும்.

28ஆம் தேதி வரைக்கும் யோசிக்கிறேன். எதிர்பார்க்காதீங்க.

பிரவீனா


பாரிட் காரம்
30 நவம்பர் 2025

பிரவீனா,

பலகை வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கேன். கூரைப் பிளாஸ்டிக்கை ராஜம்மா கோழிக் கூண்டுக்கு எடுத்துக்கிறாங்க. இறால்காரங்க ஜனவரி முதல் வாரம் மண் வெட்டுற மெசின் இறக்குறாங்களாம். பழைய புகைபோக்கியையும் இடிப்பாங்க. எனக்கு உட்லண்ட்ஸ்ல அதே வேலை கிடைக்கும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.

நான் பரிதாபப்பட்டேன்னு எழுதினியே, அது தப்பு. உன் நம்பரை அவரு போன்ல பார்க்கும்போதெல்லாம் உன்னை வெறுத்தேன். வெளியில சொல்லல, அவ்வளவுதான். நீ என்னை நல்லவள்னு நினைச்சுத்தான் கையெழுத்தை நிறுத்தியிருந்தா, வீணா நிறுத்தினே.

வெள்ளிக்கிழமை நான் நில ஆப்பீஸ்ல இருந்தேன். உனக்கும் தெரியும். காலையில எட்டரைக்கே போய் நம்பர் எடுத்தேன். கூப்பிட்டாங்க, இன்னொரு ஆள் வரணும்னு சொல்லி மறுபடி கடைசி நம்பர் எடுத்தேன். அப்படி நாலு தடவை. தொழுகை நேரத்துக்குக் கவுண்டரை மூடினப்ப வெளியே வந்தேன். எதிர்த்தாப்புல ரொட்டிக் கடை மரத்தடியில உன் வெள்ளைக் காடி நின்னுச்சு. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்துச்சு, எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஸ்டியரிங்ல நெத்தியை வெச்சுக்கிட்டு இருந்தே. பக்கத்து சீட்ல பழுப்புக் கவர்.

பெர்மாஸ் ஜெயாவுலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. ரோட்டைத் தாண்டுனா இருபது அடி. நீயா வரட்டும்னு நான் உள்ளே போய் உட்கார்ந்துட்டேன். கண்ணாடி வழியா உன் காடி தெரியிற மாதிரி நாற்காலியை மாத்திப் போட்டுக்கிட்டேன். மூணு மணிக்கு நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தே. நானும் பார்த்தேன். கை காட்டியிருக்கலாம். எனக்குக் கை எழும்பல. உனக்குக் கதவைத் திறக்க வரல.

நாலரைக்குக் கவுண்டர் பொண்ணு விளக்கை அணைச்சுட்டு, "இன்னொருத்தங்க வரலையா அக்கா?"ன்னு மலாய்ல கேட்டுச்சு. வரலன்னு சொன்னேன். வெளியே வர்றதுக்குள்ள நீ போயிட்டே.

நான் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டியிருந்தா கொடுத்திருப்பியா? எழுத வேண்டாம். கொடுத்திருப்பேன்னு நீ எழுதினா நான் அதை எங்க வைப்பேன்?

சாந்தினி